நின்றால் மட்டும் குளிராத பிரிட்ஜ்

வனிதா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே ஒரு திருவிழாவுக்கு டிரைவர் வராமல் போனதால்தான்.

அவள் புருஷன் வெற்றிசெல்வன் திருவரங்குளத்தில் மைக்செட் கடை வைத்திருக்கிறார். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் டியூப்லைட்டும் அவர் கடையிலிருந்துதான் போகும். சாமான் ஏற்றுவதற்கென்று ஒரு குட்டியானை வண்டியும் வாங்கிப் போட்டார். ஆனால் அதை அவரால் ஓட்ட முடியாது. ஓட்டுவது என்ன, உட்காரவே முடியாது. நாலு சக்கரம் வைத்த எதில் ஏறினாலும் இரண்டாவது வேகத்தடைக்குள் குமட்டிக்கொண்டு வந்துவிடும். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. தன் டி.வி.எஸ். மொபெட்டில் மட்டும் எத்தனை தூரமானாலும் அலுங்காமல் போய் வருவார்.

அந்தப் பங்குனியில் சாமானெல்லாம் ஏற்றிக் கட்டியாகிவிட்டது, டிரைவரைக் காணோம். மச்சினன் கல்யாணம் என்று மதுரைக்குப் போய்விட்டானாம். வெற்றிசெல்வன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வனிதா கல்யாணத்துக்கு முன்னால் அப்பா வீட்டு வயலில் டிராக்டரை முன்னே பின்னே நகர்த்திப் பழகியவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"ஏ, வெளயாடாத வனிதா."

"வெளயாடலீங்க. நீங்க மொபெட்ல முன்னாடி போங்க. நான் ஒங்க பின்னாடியே வாரேன்."

ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் பின்னால் ஸ்பீக்கர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பெரிய சத்தம் போட்டன. திருவிழா ஊர் போய்ச் சேர்வதற்குள் வேடிக்கை பார்க்கப் பாதிச் சனம் ரோட்டுக்கு வந்துவிட்டது. மறு மாசமே புதுக்கோட்டைக்குப் போய் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள். பிறகு பேட்ஜும் எடுத்து, கடன் போட்டு ஒரு வேன் வாங்கி, ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போக ஆரம்பித்தாள். அதுவே பல வருஷம் ஓடியது. யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஜன்னல், யார் யாரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் கிள்ளிக்கொள்வார்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பிறகு பள்ளிக்கூடம் சொந்தமாகப் பஸ் வாங்கியது. வேன் வேப்பமரத்தடியில் நின்றது. விற்றுவிடச் சொல்லி ஆளாளுக்கு வந்து யோசனை சொன்னார்கள். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் கார்த்திகாதான் ஒரு வீடியோவை அனுப்பினாள். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு தம்பதி ஊர் ஊராகப் போகிறார்கள். "அம்மா, இதுமாதிரி செஞ்சு வாடகைக்கு விடலாம். ஓட்டுறதுக்கு நீயே இருக்க" என்றாள்.

வனிதா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வாடகை யோசனை பிடித்தது. அதைவிட அந்தக் கட்டில் பிடித்தது. ஜன்னலோரம் கட்டில்; படுத்தபடியே வெளியே ஒரு ஏரி தெரிந்தது.

ஆலங்குடி ஆசாரி ஒருவர் வந்து சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு இரண்டு மடக்குக் கட்டிலும் ஓர் அலமாரியும் செய்து கொடுத்தார். சின்ன அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, பூப்போட்ட திரை. கடைசியாகத் திருச்சியிலிருந்து பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன பிரிட்ஜ் வந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அதற்கென்று தனியாக ஒரு பேட்டரி. அதிலிருந்து கடைக்கோடியில் இருக்கும் பிரிட்ஜ் வரைக்கும் வயர் இழுக்க வேண்டும். அந்த வேலையை யாருக்கும் விடவில்லை வெற்றிசெல்வன்.

"ஆயிரம் டியூப்லைட்டு எரிய விட்டவன் நான். ஒரு பெட்டிக்கு வயர் இழுக்க வெளியாளா?" என்றவர், தரைப்பலகைக்கு அடியில் வயரை ஒளித்து, ஓரங்களில் மஞ்சள் டேப் சுற்றி, அழகாக முடித்தார். வாசலில் நிறுத்திச் சார்ஜரை வீட்டுக் கரண்டில் மாட்டி ஓட விட்டபோது பிரிட்ஜுக்குள் வைத்த தண்ணீர் பாட்டில் வேர்த்து வழிந்தது. அன்று முழுக்க வருவோர் போவோருக்கெல்லாம் ஐஸ் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் ஏறி இரண்டடி நகர முடியாத மனுஷன், அந்த வண்டிக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று வனிதாவுக்கு மனசு நிறைந்திருந்தது.

முதல் சவாரி கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்தது. ஹாஜா முகைதீன், அவர் மனைவி சாரா உம்மாள். ஹாஜா முகைதீன் காலமெல்லாம் ஜித்தாவில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். ஊட்டி, கொடைக்கானல் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று மனைவியைக் கேட்டிருக்கிறார். சாரா உம்மாள், "இந்தா இருக்க திருமயத்தையே நான் பார்த்ததில்ல. பஸ்ல போறப்ப மலை மேல கோட்டை தெரியும். எறங்கிப் பார்க்க ஒரு நாளும் வாய்க்கல. மொதல்ல நம்ம ஜில்லாவக் காட்டுங்க" என்றிருக்கிறாள்.

விடிந்ததும் வண்டி அவர்கள் வாசலில் போய் நின்றது. சாரா உம்மாள் மசாலா தடவிய வஞ்சிர மீனை ஒரு தூக்குச் சட்டி நிறையக் கொண்டுவந்தாள். தயிர், பால், புதினா, ஹாஜா முகைதீனுக்குத் தினமும் போடுகிற இன்சுலின் எல்லாம் பிரிட்ஜுக்குள் போயின.

"தெர்மாகோல் பெட்டியில ஐஸ் போட்டு வச்சிருந்தேன் தங்கச்சி. இவருதான் எறக்கி வச்சுட்டாரு" என்றாள்.

"பிரிட்ஜ் இருக்க வண்டியில ஐஸ் பெட்டி எதுக்கு? ஊரு சிரிக்கும்" என்றார் அவர்.

அறந்தாங்கி தாண்டியபோது ஹாஜா முகைதீன் ஒரு தடவை பிரிட்ஜைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நல்ல கூலிங்" என்றார். வனிதா கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

திருமயத்தில் கோட்டைக்குக் கீழே மர நிழலில் வண்டியை நிறுத்தினாள். வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொள்கிற கண்ணுசாமி, பூப்போட்ட திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்து, "இது வேனா, வீடா?" என்று கேட்டார். "ரெண்டுந்தாங்க" என்றாள் வனிதா பெருமையாக.

மூன்று பேருமாகக் கோட்டைக்கு ஏறினார்கள். உச்சியில் பீரங்கி பக்கத்தில் நின்று சாரா உம்மாள் நாலா பக்கமும் பார்த்தாள். காற்று முக்காட்டை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. கிழக்கே கையைக் காட்டி, "அங்கிட்டுத்தானே நம்ம கடலு?" என்றாள். கடல் தெரியாது என்று புருஷன் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இறங்க மனசே இல்லாமல் இறங்கினாள்.

வண்டிக்குத் திரும்பித் தண்ணீர் குடிக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பாட்டில் வெதுவெதுவென்றிருந்தது. தயிர்ப் பாத்திரத்தைத் தொட்டாலும் அப்படியே. பிரிட்ஜின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. பின்னாலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம்; மோட்டார் ஓர் உறுமல் உறுமி அடங்கியது. கொஞ்சம் கழித்து மறுபடி 'டிக்', மறுபடி உறுமல், மறுபடி அடக்கம்.

வனிதாவுக்கு இதுதான் முதல் சவாரி. அதில் முதல் நாள்.

"இன்சுலின மொதல்ல எடுங்க பாய்" என்றாள். அதை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓடினாள். கடைக்காரப் பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இங்கயே எங்க பிரிட்ஜ்ல இருக்கட்டும்க்கா. சரி பண்ணிட்டு வந்து வாங்கிக்கங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த ஒரு பாரம் இறங்கியதும்தான் வனிதாவுக்கு மூச்சு சீராக வந்தது.

திரும்பி வந்தபோது ஹாஜா முகைதீன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிரிட்ஜ் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

"ஏம்மா, ஜித்தாவுல நான் பார்த்த வேலையே பிரிட்ஜ்ல சாமான் அடுக்குறதுதான். இந்தப் பெட்டிக்கு மூச்சுத் திணறுது. பின்னாடி பாரு."

பார்த்தால் அவர் சொன்னது நிஜம்தான். பிரிட்ஜின் பின்புறம் சூடு வெளியே போக ஆசாரி ஒரு கம்பி வலை வைத்திருந்தார். அந்த இடுக்கில் உபரித் தலையணை இரண்டையும் போர்வையையும் திணித்து வைத்தவள் வனிதாவேதான். இடம் வீணாகக்கூடாதே என்று. உருவி எடுத்தபோது தலையணை இஸ்திரி போட்ட மாதிரி சூடாக இருந்தது. மூன்று பேரும் ஆவலோடு காத்திருந்தார்கள். டிக். உறுமல். அடக்கம்.

"சூடு கொறஞ்சிருக்கு. ஆனா நோவு அது இல்ல போல" என்றார் ஹாஜா முகைதீன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"தள்ளுங்க" என்றாள் சாரா உம்மாள். "எங்க வீட்டுப் பிரிட்ஜ் இப்படித்தான் படுத்துச்சு. கதவு ரப்பர் போயிருந்துச்சு." கோட்டைக்கு வாங்கிய நுழைவுச் சீட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, மெல்ல இழுத்தாள். சீட்டு அசையவில்லை. மேலே, கீழே, ஓரம் என்று இடம் மாற்றி மாற்றி வைத்து இழுத்தாள். எங்கேயும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கடைசி இழுப்பில் சீட்டு கிழிந்து பாதி கையோடு வந்தது.

"ரப்பர் நல்லாருக்கு. சீட்டுதான் போச்சு" என்றார் கணவர்.

வனிதா வெற்றிசெல்வனுக்குப் போன் போட்டாள். ஒரு காதுகுத்து வீட்டில் பந்தலுக்கு லைட் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கேஸ் எறங்கியிருக்கும். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் யோசிக்காமல்.

"காலையில வரும்போது நல்லாக் குளுந்துச்சுங்களே."

"அப்ப வெயிலு. அது என்ன பண்ணும் பாவம், இந்த வெயில்ல நாமளே உருகுறோம்."

"நெழல்லதான் நிக்கிது."

"வயரிங் எல்லாம் பக்காவா இருக்கு. அதுல சந்தேகமே படாத" என்று, அவள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இடத்தை மாற்றி நிறுத்திப் பார்க்கலாம் என்று வனிதா வண்டியைக் கிளப்பினாள். பின்னாலிருந்து சாரா உம்மாள் கத்தினாள்: "தங்கச்சி, ஓடுது! பிரிட்ஜ் ஓடுது!" சிவப்பு விளக்கு அணைந்து, மோட்டார் சீராக முனகிக்கொண்டிருந்தது. வனிதா இன்ஜினை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் டிக். மறுபடி கிளப்பினாள். ஓடியது. அணைத்தாள். டிக்.

"வண்டி ஓடுனா வேலை பாக்குது, நின்னா நின்னுருது. எங்க வீட்டுக்காரரு ரிட்டயர் ஆன மாதிரி" என்றாள் சாரா உம்மாள். ஹாஜா முகைதீன் சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வனிதாவின் பயம் பாதி கரைந்தது. கோபித்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்கிற மனுஷர்கள் இல்லை இவர்கள்.

ஆனால் மீன் காத்திருக்காது. தூக்குச் சட்டியை மோந்து பார்த்த சாரா உம்மாள், "இன்னும் கெடல. ஆனா இனி வச்சிருக்கக் கூடாது. எல்லாத்தையும் இப்பவே பொரிச்சிருவோம்" என்றாள்.

"எல்லாத்தையுமா? நாம மூணு பேருதான்."

"ஆளுக்கா பஞ்சம்?"

மர நிழலில் அடுப்பை இறக்கி வைத்தார்கள். எண்ணெய் காய்ந்து முதல் துண்டு விழுந்ததும் கிளம்பிய வாசனை கோட்டை மதில் வரைக்கும் போயிருக்கும். கண்ணுசாமி நாற்காலியை இங்கிட்டுத் தூக்கிப் போட்டுக்கொண்டார். கோட்டை பார்க்க வந்த ஒரு குடும்பம் சும்மா விசாரிக்க வந்து, ஆளுக்கொரு துண்டோடு திரும்பிப் போனது. மருந்துக் கடைப் பெண்ணுக்கு இலையில் மடித்து அனுப்பினார்கள். சாரா உம்மாள் பரிமாறிக்கொண்டே கோட்டையைப் பற்றிக் கண்ணுசாமியிடம் கேள்வியாகக் கேட்டாள். அவரும் தெரிந்ததோடு தெரியாததையும் சேர்த்துச் சொன்னார்.

வனிதா மீனைத் தின்றுகொண்டே யோசித்தாள். இன்ஜின் ஓடும்போது கரண்டு ஏறும். நின்றால் பேட்டரி மட்டும். அப்படியென்றால் பேட்டரிதான் சொத்தையா?

சாப்பிட்டு முடித்ததும் கடைத்தெருவில் மலையாண்டி என்பவரின் பேட்டரிக் கடைக்கு வண்டியை விட்டாள். மலையாண்டி மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேலே நல்லாவே காட்டியது. லோடு போட்டும் பார்த்தார். "புதுசுங்க, கல்லு மாதிரி இருக்கு. பிரிட்ஜு எனக்குத் தெரியாது. மெக்கானிக் புதுக்கோட்டையிலதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த டிராக்டரைக் கவனிக்கப் போய்விட்டார்.

"அந்த மீட்டரைக் கொஞ்சம் குடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டாள் வனிதா. ஏன் வாங்கினாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பேட்டரியில் பார்த்தாகிவிட்டது, கடைசி முனையிலும் பார்த்துவிடுவோமே என்றுதான். பிரிட்ஜின் பின்னால் வயர் சேருகிற இடத்தில் ஊசிகளை வைத்தாள். ஹாஜா முகைதீன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மீட்டரைப் படித்தார்.

"பன்னெண்டரை. சரியாத்தானே இருக்கு."

டிக் என்றது. மோட்டார் உறுமியது. "ஏம்மா, எறங்குது… பதினொண்ணு… பத்தரை… பத்து!" மோட்டார் அடங்கியது. "திரும்பப் பன்னெண்டரை!"

வனிதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேட்டரியில் இருப்பது பெட்டிக்கு வந்து சேரவில்லை. நடுவழியில் எங்கேயோ செத்துப்போகிறது.

செத்துப்போகிறது என்ற அந்த வார்த்தை அவளுக்குப் புதுசில்லை. திருவிழாவில் கடைசித் தெருவுக்கும் ஸ்பீக்கர் கட்டச் சொல்லி ஊர்க்காரர்கள் வம்பு பண்ணும்போது வெற்றிசெல்வன் வருஷா வருஷம் சொல்வது அதுதான்: "வயர் நீளமாகி, அதுவும் ஒல்லியா இருந்தா, கடைசிக்குப் போறதுக்குள்ள சத்தம் செத்துரும்ங்க."

தரைப்பலகையில் ஒன்றைக் கழற்றினாள். அடியில் மஞ்சள் டேப் சுற்றிய வயர் நேராகப் படுத்திருந்தது. சிவப்பும் கறுப்பும் ஒட்டிக்கொண்ட மெல்லிசு வயர். வீட்டுப் பரணில் வளையம் வளையமாகக் கிடக்கிற, அவள் துணி காயப்போடக்கூடப் பயன்படுத்தியிருக்கிற, அதே ஸ்பீக்கர் வயர்.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் சங்கடமும் வந்தது. டேப்பை எவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருக்கிறார். ஒரு சுருக்கம் இல்லை.

மலையாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இதானா! தடி வயர் எங்கிட்ட இருக்கு. நம்ம பையன விட்டு உடனே மாத்திரச் சொல்றேன்" என்றார்.

வனிதா தயங்கினாள். "இல்லண்ணே. இது எங்க வீட்டுக்காரரு போட்ட வயரு. அவரே வந்து மாத்தட்டும்."

மறுபடி போன் போட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஏங்க, சாப்டீங்களா?" என்றாள்.

"என்ன விஷயம்? சொல்லு."

"பிரிட்ஜுகிட்ட வர்றதுக்குள்ள கரண்டு செத்துருதுங்க."

அந்தப் பக்கம் 'ஹலோ, ஹலோ' என்று மைக் ஆள் மட்டும் கத்தினான். பிறகு, "ஆயிரம் டியூப்லைட்டு…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "திருமயத்துல எந்த எடம்?" என்று கேட்டார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மொபெட் வந்து நின்றது. தலைமுடியெல்லாம் புழுதி. வண்டியில் வந்திருந்தவர்களைப் பார்த்து, "வாங்க பாய், வாங்கம்மா" என்று தன் வீட்டு வாசலில் வரவேற்பதுபோல் கும்பிட்டார். யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் மீட்டரை வாங்கினார். நின்றுகொண்டிருந்த வண்டி என்பதால் உள்ளே ஏறுவதில் அவருக்குச் சிரமமில்லை. பெட்டிக்குப் பின்னால் குனிந்து, முள் இறங்குவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

"இருநூத்தி முப்பது வோல்ட்டுலயே வாழ்ந்தவன் நான்" என்றார் யாரையும் குறிப்பிடாமல். "அதுல கொஞ்சம் கரண்டு இழுத்தாலே வேல முடிஞ்சிரும். இது வெறும் பன்னெண்டு. அதே வேலைக்கு அத்தன மடங்கு இழுக்கணும். இந்த நூலு எப்படித் தாங்கும்? இன்ஜினோ சார்ஜரோ ஓடுனா பதினாலு வரைக்கும் ஏறும், வழியில செத்தது போக மிச்சம் போதும். வீட்டுல சார்ஜர் மாட்டியிருந்ததால தெரியாமப் போச்சு." பிறகு வனிதாவைப் பார்த்தார். "எல்லாருக்கும் சொல்றேன். எனக்குச் சொல்லிக்கலையே நான்."

"மூச்சு விடுற எடத்துல தலவாணியத் திணிச்சவ நானு. அதச் சொல்லலையே ஒங்ககிட்ட" என்றாள் அவள்.

அதற்குப்பிறகு அவர் பழைய வெற்றிசெல்வன் ஆகிவிட்டார். மலையாண்டியிடம் இருந்ததிலேயே தடியான வயரைக் கேட்டு வாங்கினார். பலகைகளை வரிசையாகக் கழற்றச் சொன்னார். அவர் ஒரு முனையிலிருந்து தள்ள, வனிதா மறுமுனையிலிருந்து இழுத்தாள். நடுவில் மாட்டிக்கொண்டபோது ஹாஜா முகைதீன் தரையில் மல்லாந்து படுத்துக் கையை விட்டு எடுத்துவிட்டார். பேட்டரி பக்கத்தில் ஒரு பியூஸ் போட்டார்கள். மலையாண்டி தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து வயர் முனைகளில் கவ்வியை மாட்டி நசுக்கிக் கொடுத்தார். மஞ்சள் டேப் சுற்றும்போது மட்டும் யாரையும் கிட்டே விடவில்லை வெற்றிசெல்வன்.

இன்ஜினைக் கிளப்பாமலே சுவிட்சைப் போட்டார்கள். டிக். உறுமல். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உறுமல் மெல்ல முனகலாகி, அப்படியே நிலைத்தது. மீட்டர் பன்னிரண்டுக்குக் கிட்டத்தில் நின்றது. சிவப்பு விளக்கு எரியவேயில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ஹாஜா முகைதீன். மலையாண்டி தன் கடையில் இருந்த சோடா பாட்டில்களைக் கொண்டுவந்து உள்ளே வைத்து, சோதனை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். மீன் ஒரு துண்டுகூட மிச்சமில்லை என்று தெரிந்தபோது வெற்றிசெல்வனின் முகம் போன போக்கைப் பார்த்து, சாரா உம்மாள் ராத்திரிக்கென்று எடுத்து மறைத்து வைத்திருந்த இரண்டு துண்டை வெளியே எடுத்தாள்.

ஜில்லென்று ஆனதும் இன்சுலினை வாங்கி வந்து வைத்தார்கள். வெற்றிசெல்வன் மொபெட்டை உதைத்துக் கிளப்பியவர், பிறகு இறங்கி வந்து, பிரிட்ஜின் குளிர்க் குமிழைக் கடைசிப் புள்ளி வரைக்கும் திருகி வைத்துவிட்டுப் போனார். இனி ஒரு குறையும் வரக்கூடாது என்று.

அதன் பலன் மறுநாள் காலை குடுமியான்மலையில் தெரிந்தது. மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி டீ போடலாம் என்று பார்த்தால், பால் பாக்கெட் செங்கல் மாதிரி உறைந்து கிடந்தது. தயிரில் கரண்டி இறங்கவில்லை. இன்சுலின் வைத்திருந்தது கதவுத் தட்டில் என்பதால் அது தப்பியது. வனிதா அவசர அவசரமாகக் குமிழை நடுவுக்குத் திருப்பி வைத்தாள். சாரா உம்மாள் பால் பாக்கெட்டை வெயிலில் காய வைத்துவிட்டு, அது உருகும்வரை கோயில் முன் மண்டபத்துச் சிலைகளை வெளியே நின்றபடி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல் இப்படி நின்று பார்ப்பதற்காகத்தான் வந்தேன் என்றாள்.

கடைசி நாள் கோட்டைப்பட்டினத்தில் அவர்களை இறக்கிவிட்டபோது சாரா உம்மாள் வனிதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அடுத்த தடவ என் மருமக ஹுமாவையும் கூட்டிட்டு வாரேன் தங்கச்சி. இன்ஷா அல்லாஹ். மீனு ரெண்டு சட்டி."

காலி வண்டியோடு வனிதா திரும்பினாள். அறந்தாங்கிக்கு இந்தப் பக்கம் ஒரு கண்மாய். கரையோரம் வரிசையாகப் பனைமரம். எத்தனையோ தடவை பிள்ளைகளோடும் ஸ்பீக்கர்களோடும் இந்தப் பக்கத்துக் கரைகளைக் கடந்திருக்கிறாள். எங்கேயும் நின்றதில்லை, யாராவது எங்கேயாவது காத்துக்கொண்டிருப்பார்கள். அன்று யாரும் காத்திருக்கவில்லை. வண்டியைக் கரையில் ஏற்றி இன்ஜினை அணைத்தாள். பிரிட்ஜ் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கட்டிலை விரித்தாள். திரையை ஒதுக்கினாள். சவாரி ராத்திரிகளில் டிரைவர் சீட்டிலேயே சாய்ந்து தூங்கியிருக்கிறாள்; இத்தனை நாளாகியும் அந்தக் கட்டிலில் அவள் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தண்ணீரில் நாரை ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. காற்று நன்றாக வந்தது. போன் அடித்தது, வெற்றிசெல்வன்.

"எங்க வந்துட்ட? வண்டி எதும் மக்கர் பண்ணுதா?"

"இல்லீங்க" என்றாள் வனிதா, படுத்தபடியே. "நல்லா நிக்கிது. கொஞ்ச நேரம் கழிச்சு வாரேன்."